டீசல் டேங்கு ஓட்டையா? குறைந்த செலவில் மாற்றலாம்!
கொல்லிமலை விவசாயி ஒருவரின் அனுபவமும், நம் விவசாயிகள் கவனிக்க வேண்டியவையும்

மாசி மாதம் பிறந்துவிட்டால் கொல்லிமலையிலும் ஓடைகள் இளைத்துவிடும். மழைக் காலத்தில் தானாக வயலுக்குள் வந்த தண்ணீரை, இப்போது எஞ்சின் வைத்து மேலே ஏற்ற வேண்டும். நட்டு ஓராண்டே ஆன மிளகுக் கொடிக்கும், குலை தள்ளப் போகும் வாழைக்கும் இந்த இரண்டு மாதத் தண்ணீர்தான் உயிர். அந்த நேரம் பார்த்து எஞ்சின் படுத்துக் கொண்டால் என்ன செய்வது?

செம்மேட்டுக்கு அப்பால், ஓடையோரத்தில் அரை ஏக்கர் வாழையும் கொஞ்சம் மிளகும் வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயிக்கு இதுதான் நேர்ந்தது. அவருடைய 5 குதிரைத் திறன் ஆயில் எஞ்சின் பத்து நிமிஷம் ஓடும், பிறகு திணறும், நின்றுவிடும். எஞ்சினில்தான் கோளாறு என்று எண்ணி, அதைக் கழற்றி வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டு போகவும் தயாராகிவிட்டார். காரவள்ளியிலிருந்து மலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எஞ்சினை இறக்க ஒரு வாடகை, ஏற்ற ஒரு வாடகை, பட்டறைக் கூலி தனி. அதற்குள் வாழை வாடிவிடும்.

நல்ல வேளையாக, புறப்படுமுன் டேங்கின் அடியைத் தடவிப் பார்த்தார். கை ஈரமாயிற்று. அடித் தகட்டில் ஊசி முனை அளவுக்கு மூன்று ஓட்டைகள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது துருச் செதில்களும், கறுப்பாகக் கோழை போன்ற கசடும் இருந்தன. எஞ்சின் நன்றாகவே இருந்தது. கெட்டுப் போனது டேங்கு மட்டும்தான்.

“எஞ்சினை இறக்கியிருந்தா பத்தாயிரம் போயிருக்குமுங்க. டேங்கை மட்டும் மாத்தினதுல பஸ் செலவோட சேர்த்து ஆயிரத்துச் சொச்சத்துல முடிஞ்சு போச்சு” என்கிறார் அவர். அவர் செய்ததையும், செய்யாமல் விட்டதையும் நம் விவசாயிகள் தெரிந்து கொள்வது நல்லது.

டேங்கு ஏன் துருப்பிடிக்கிறது?

டீசலால் இரும்பு துருப்பிடிப்பதில்லை. டீசலோடு சேரும் தண்ணீரால்தான் துருப்பிடிக்கிறது. மலையில் பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் வித்தியாசம் அதிகம். டேங்கு பாதி காலியாக இருந்தால், அந்தக் காலி இடத்தில் ஈரக் காற்று இருக்கும். இரவில் தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் உட்புறத்தில் முத்து முத்தாக வேர்த்துக் கீழே வடியும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது. ஆகவே அடியில் போய்த் தங்கிவிடும். நாள்தோறும் சில சொட்டு சேர்ந்தாலும் ஒரு பருவத்தில் அடித்தகடு தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும்.

தண்ணீரும் டீசலும் சேரும் மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும். கோழை போன்ற அந்தக் கறுப்புக் கசடு இவற்றால் உண்டாவதே. அது பில்டரை அடைக்கும். அடைப்பு கூடக் கூட எஞ்சின் திணறும்.

கடலோர மீனவர்களின் படகுகளிலும் இதே வியாதிதான். அங்கே உப்புக் காற்றும், படகின் அடியில் தேங்கும் கடல் தண்ணீரும் டேங்கை அரிக்கின்றன. இங்கே மூடுபனி அரிக்கிறது. கடலில் எஞ்சின் நின்றால் உயிருக்கே ஆபத்து என்பதால், படகுக்காரர்கள் டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீரை அடிக்கடி வடித்துப் பார்ப்பார்கள். நாம் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை.

சொட்டுத்தானே என்று விடலாமா?

விடக்கூடாது. ஒரு சொட்டு சிறியதுதான். ஆனால் விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. அது ஒரு லிட்டருக்குக் குறையாது. லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் டீசலில், பத்து நாள் ஒழுக்கு ஒரு புது டேங்கின் விலையைத் தின்றுவிடும். சந்தேகம் இருப்பவர்கள் ஒழுகும் இடத்துக்குக் கீழே ஒரு பாட்டிலை வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேருகிறது என்று தாங்களே அளந்து பார்க்கலாம்.

பண நஷ்டம் மட்டுமல்ல. டேங்கின் துருவும் தண்ணீரும் டீசல் பம்புக்குள் போனால், தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் ஓடும் அதன் பிளஞ்சர் தேய்ந்துவிடும். நாசிலும் கெடும். இவ்விரண்டையும் மாற்றும் செலவு டேங்கின் விலையைப் போலப் பல மடங்கு. இன்னொன்றும் உண்டு. மலையில் நம் எஞ்சின்கள் பெரும்பாலும் ஓடையோரத்தில் இருக்கின்றன. இங்கே ஒழுகும் டீசல் ஓடையில் கலந்து, கீழே குடியிருப்பவர்களின் தண்ணீரையும் மாடு குடிக்கும் தண்ணீரையும் கெடுக்கும்.

பழைய டேங்கை வெல்டிங் வைக்காதீர்கள்!

நமது விவசாயியின் அக்காள் மகன் வெல்டிங் வேலை தெரிந்தவர். “ரெண்டு நிமிஷ வேலைதான் மாமா, டீசலை ஊத்திட்டுக் குடுங்க, பொட்டு வச்சுத் தர்றேன்” என்று சொன்னாராம். மாமா சம்மதிக்கவில்லை. பல வருஷங்களுக்கு முன் கீழே ஒரு பட்டறையில், காலி டீசல் பீப்பாயில் நெருப்பு வைத்தபோது அதன் மூடி ஓட்டுக் கூரையைத் துளைத்துக் கொண்டு போனதை அவர் கண்ணால் பார்த்தவர்.

நிறைய டீசல் உள்ள டேங்கைவிடக் காலி டேங்குதான் அதிக ஆபத்தானது. உள்ளே ஒட்டியிருக்கும் டீசல், சூடு பட்டதும் ஆவியாகும். அந்த ஆவி காற்றோடு கலந்து மூடிய இடத்தில் நிற்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும். தண்ணீர் விட்டு ஒருமுறை அலசினால் போதும் என்பதும் தவறு. துருவின் இடுக்குகளிலும் மடிப்புகளிலும் டீசல் ஒளிந்திருக்கும். பெட்ரோல் டேங்காக இருந்தால் ஆபத்து இன்னும் பல மடங்கு.

மேலும், ஒரு இடத்தில் ஓட்டை விழுந்த தகடு மற்ற இடங்களிலும் மெலிந்துதான் இருக்கும். ஒன்றை அடைத்தால் அடுத்த மாதம் இன்னொன்று திறக்கும். ஆகவே உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் இந்த வேலையால் லாபமும் இல்லை.

அவசரத்துக்கு என்ன செய்யலாம்?

லாரி ஓட்டுநர்கள் கையாளும் பழைய முறை ஒன்று உண்டு. துணி துவைக்கும் பார் சோப்பை ஓட்டையின் மேல் அழுத்தித் தேய்த்தால் ஒழுக்கு நிற்கும். சோப்பு டீசலில் எளிதில் கரைவதில்லை. கடைகளில் கிடைக்கும் இரு கலவை எபாக்சி பசையையும் பயன்படுத்தலாம். ஆனால் டேங்கைக் காலி செய்து, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, டீசல் பிசுக்கு இல்லாமல் துடைத்த பிறகே பசை பிடிக்கும். இரண்டும் சில நாள் தாங்கும் ஏற்பாடுகளே. அன்றைய தண்ணீரைப் பாய்ச்சி முடிக்கவும், புது டேங்குக்கு ஏற்பாடு செய்யவும் அவகாசம் தரும், அவ்வளவுதான்.

மூன்று வழிகள்

முதல் வழி, எஞ்சின் கம்பெனியின் அசல் டேங்கை வாங்குவது. தாங்கியும் ஓட்டைகளும் சரியாகப் பொருந்தும்; கவலை இல்லை. விலைதான் கூடுதல். பழைய மாடல் எஞ்சின்களுக்குக் கிடைப்பதும் அரிது.

இரண்டாவது வழி, பிளாஸ்டிக் கேன். எல்லாப் பிளாஸ்டிக்கும் டீசலுக்கு ஆகாது. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் உள்ள கெட்டியான கேன்தான் ஏற்றது. மோட்டார் வாகனங்களின் பிளாஸ்டிக் டேங்குகளும் இந்த வகைப் பிளாஸ்டிக்கால் செய்யப்படுபவையே. தண்ணீர் பாட்டில், குடம், பூச்சி மருந்து டப்பா ஆகியவை கூடாது. கேனை எஞ்சினின் மேல் வைக்காமல், சைலன்சரிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்சி மரத் தாங்கியில் வைக்க வேண்டும். வெயில் நேராகப் பட்டால் நாளடைவில் நொறுங்கும். மேலே ஓலையோ தகரமோ போட வேண்டும். எலி கடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சினுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது வழி, தகடு வாங்கிப் புது டேங்கு செய்து கொள்வது. நமது விவசாயி இதைத்தான் தேர்ந்தெடுத்தார். லாரிகளுக்குக் கூண்டு கட்டுவதில் பெயர் பெற்றது நாமக்கல். தகடு வெட்டி மடித்து வெல்டிங் செய்யும் பட்டறைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. சேந்தமங்கலம் பக்கத்திலும் விசாரிக்கலாம். லாரி வேலையில் மிஞ்சிய துண்டுத் தகடு கிடைத்தால் செலவு இன்னும் குறையும்.

டேங்கு எப்படி இருக்க வேண்டும்?

அளவு: 5 குதிரைத் திறன் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். நீளம் 10 அங்குலம், அகலம் 8 அங்குலம், உயரம் 8 அங்குலம் உள்ள டேங்கில் சுமார் பத்தரை லிட்டர் பிடிக்கும். ஒரு நாள் வேலைக்கு இது தாராளம். இதைவிடப் பெரிதாகச் செய்தால் தாங்கிக்குப் பாரம். அதிர்வில் வெல்டிங் விட்டுவிடும்.

தகடு: 18 கேஜ் கறுப்பு இரும்புத் தகடு போதும். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். துருப்பிடிக்காது என்று எண்ணி, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் டேங்கு செய்கிறார்கள். தண்ணீர் வாளிக்கு அது நல்லது, டீசலுக்கு ஆகாது. துத்தநாகம் டீசலில் உள்ள அமிலப் பொருள்களோடு சேர்ந்து சோப்புப் போன்ற கசடாக மாறி, பில்டரையும் நாசிலையும் அடைக்கும். வசதி உள்ளவர்கள் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் செய்து கொள்ளலாம். நீண்ட நாள் உழைக்கும்.

அமைப்பு: அடித்தகடு ஒரு மூலையை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். அந்தத் தாழ்ந்த மூலையில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு மூடி வேண்டும். எஞ்சினுக்கு டீசல் போகும் குழாயை அடியோடு ஒட்டி வைக்காமல், முக்கால் அங்குலம் உயர்த்தி வைக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீரும் கசடும் கீழேயே தங்கும். வாய் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை அவசியம். துளை இல்லாவிட்டால் டீசல் இறங்காது. எஞ்சின் ஓடி ஓடி நிற்கும். அந்தத் துளையில் மழைத் தண்ணீர் இறங்காதபடி மேலே ஒரு சிறு தொப்பியும் வேண்டும். நாசிலிலிருந்து மிச்ச டீசல் திரும்பி வரும் சிறு குழாய் உங்கள் எஞ்சினில் டேங்குக்கு வந்தால், அதற்கும் ஒரு முனை வைக்கச் சொல்ல மறக்காதீர்கள். பழைய டேங்கைக் கையோடு கொண்டு போய்க் காட்டுவது எல்லாவற்றிலும் நல்லது.

பவர் டில்லருக்குச் செய்பவர்கள் டேங்கின் நடுவில் துளையிட்ட ஒரு தடுப்புத் தகடு வைக்கச் சொல்லுங்கள். மலைச் சரிவில் வண்டி சாயும்போது டீசல் ஒரே பக்கம் மோதாமல் இருக்கும்.

சுண்ணாம்புச் சோதனை

புது டேங்கு ஒழுகுமா என்று பட்டறையிலேயே பார்த்துவிட வேண்டும். இதற்கு எளிய சோதனை உண்டு. வெல்டிங் வைத்த தையல்களின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட வேண்டும். பிறகு உள்ளே கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டீசல் விட்டு, எல்லாத் தையலிலும் படும்படி புரட்டிப் புரட்டி அரை மணி நேரம் வைக்க வேண்டும். எங்காவது நூலளவு சந்து இருந்தாலும் வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரக்கறை தெரியும். அப்படித் தெரிந்தால், அதில் மீண்டும் நெருப்பு வைப்பதற்கு முன் டேங்கை நன்றாகக் கழுவியாக வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள் முதலில் தண்ணீர் நிரப்பிப் பார்த்து, ஒழுக்கு இருந்தால் அடைத்து, கடைசியில் சுண்ணாம்புச் சோதனை செய்யலாம். தண்ணீர் விட்ட டேங்கை வெயிலில் கவிழ்த்து நன்றாகக் காயவைப்பது முக்கியம்.

சோதனை முடிந்ததும் வெளிப்புறம் மட்டும் பெயின்ட் அடிக்க வேண்டும். உள்ளே அடித்தால் டீசலில் ஊறி உரிந்து பில்டரில் போய் அடைக்கும். உட்புறத்தை டீசல் நனைத்த துணியால் துடைத்து, வெல்டிங் பொறிகளையும் இரும்புத் தூளையும் அகற்றினால் போதும்.

எஞ்சினில் மாட்டும் முறை

புது டேங்கோடு புது பில்டரும் போடுவது சிக்கனம். பழைய பில்டரில் பழைய துரு இருக்கும். ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் டீசலுக்கென்றே விற்கும் ஹோஸ் வாங்க வேண்டும். சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றினால் டீசல் பட்டு ஊதிப்போகும். இரு முனையிலும் கிளிப் போடுங்கள், கம்பி சுற்றாதீர்கள்.

டேங்கு பழைய உயரத்திலேயே இருக்கட்டும். இடம் மாற்றுவதானால், அதன் அடி டீசல் பம்புக்கு ஓர் அடியாவது மேலே இருக்க வேண்டும். தாழ்ந்தால் டீசல் இறங்காது. தாங்கிக்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு துண்டு பெல்ட் ரப்பர் வைத்தால் அதிர்வு குறையும்.

டேங்கை மாற்றியதும் குழாயில் காற்று நிறைந்திருக்கும். அதை வெளியேற்றாமல் எத்தனை முறை ஹேண்டில் சுற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. முதலில் டேங்கின் வால்வைத் திறந்து, பில்டரின் மேல் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்துங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்பில் உள்ள திருகிலும் இப்படியே செய்யுங்கள். பிறகு நாசிலில் சேரும் கம்பிக் குழாயின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். டீசல் எட்டிப் பார்த்ததும் நட்டை இறுக்குங்கள். இனிச் சுற்றும்போது நாசிலில் ‘கிர்’ என்ற சத்தம் கேட்டால் எஞ்சின் தயார். நாசில் பீச்சுவதைக் கை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளிக்காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

இனி துருப்பிடிக்காமல் இருக்க

மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடம் இல்லையென்றால் உள்ளே வேர்க்காது. வாரம் ஒருமுறை, காலையில் எஞ்சினைத் தொடுமுன், அடித்திருகைத் தளர்த்திக் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடியுங்கள். அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். தண்ணீர் நிற்கும் வரை வடித்துவிடுங்கள். வடித்ததை ஓடையில் ஊற்றாமல் ஒரு டப்பாவில் சேருங்கள். டீசல் ஊற்றும்போது மெல்லிய வலை வைத்த புனல் அவசியம். மழைக் காலத்தில் எஞ்சினை மூன்று, நான்கு மாதம் நிறுத்தி வைப்பவர்கள் டேங்கை முழுக்க நிரப்பி வைக்க வேண்டும். அல்லது முழுக்க வடித்துக் காயவைத்து, உட்புறம் எஞ்சின் ஆயில் தடவி மூடி வைக்க வேண்டும். பாதியில் விடுவதுதான் கெடுதல்.

டீசல் செலவையே குறைக்க நினைப்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. 2019-ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் சூரிய சக்தி பம்புசெட்டுக்கு மானியம் தரப்படுகிறது. இதைப் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். அது கிடைக்கும் வரை ஓடையோரத்து எஞ்சினை நம்பித்தான் நம் வாழையும் மிளகும் இருக்கின்றன.

நமது விவசாயியின் எஞ்சின் மூன்றாம் நாள் ஓடியது. வெளியூர் போய்ப் பட்டறையில் காத்திருந்த ஒரு நாள், சாமான் வாங்கிய ஒரு நாள், மாட்டிய ஒரு நாள், அவ்வளவே. வாழையில் அடி இலை இரண்டு பழுத்ததோடு சரி. இப்போது அவர் எஞ்சின் கொட்டகைத் தூணில் ஒரு கண்ணாடிப் பாட்டில் கட்டித் தொங்குகிறது. அக்காள் மகன்தான் வாரா வாரம் அதில் டீசலைப் பிடித்துப் பார்க்கிறாராம்.

“மாமா, இன்னிக்குத் தண்ணி இல்லீங்க!” என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் ஹேண்டிலைக் கையில் எடுப்பாராம் மாமா.